மீட்டர் ஓடாத வீடுகள்

நீலகிரியில் வீடு கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று மாறி மாறி வீடு வீடாகப் போய், மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதியவன். இந்த மலையில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது, எத்தனை வீட்டில் கேட் விளக்கு மட்டும் எரிகிறது என்பது தாசில்தாருக்குத் தெரியாது. ரீடிங் எடுப்பவனுக்குத் தெரியும். வீடுகள் தாராளமாக இருக்கின்றன. சரிவுக்குச் சரிவு, கண்ணாடிச் சுவரும் இங்கிலீஷ் பெயர்ப்பலகையுமாக நிற்கின்றன. குடியிருக்கத்தான் ஆளில்லை. குடியிருக்க ஆசைப்படுகிறவர்கள் கோயம்புத்தூரில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இது கிழவன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம், அரசாங்கக் கணக்கே இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011ல் 7,35,394 பேர். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்கள் எல்லாம் பெருகிக்கொண்டிருந்த பத்தாண்டில் ஆள் குறைந்த ஒரே மாவட்டம் இது. 2021ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், அதற்குப் பிறகு எத்தனை பேர் மலை இறங்கினார்கள் என்ற விவரம் மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் வீடு குறைவு, ஆள் அதிகம். இப்போது அது அப்படியே தலைகீழ். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்ற ஏற்பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜான் சல்லிவன். கோவை கலெக்டராக இருந்தவர், 1819ல் மலையேறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் முதலில் தங்கினார். அப்புறம் ஊட்டியில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கிக் கல்லில் வீடு கட்டினார் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அந்தக் கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரியில் நிற்கிறது. 1870லிருந்து சென்னை மாகாண அரசாங்கமே வெயில் காலத்தில் ஃபைல் கட்டுகளோடு ஊட்டிக்கு ஏறிவிடும். மழை வந்ததும் இறங்கிவிடும். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் ஆரம்பித்த பழக்கம் போகவில்லை. ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலை மட்டும் போய்விட்டது. அதைத்தான் அவன் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

எங்களுக்கு ஒரே வீடு. அதுவும் எங்களுடையது இல்லை.

அப்பாவும் அம்மாவும் குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். பெயர் வேண்டாம். சேலம் பக்கத்திலிருந்து ஆள் பிடிக்கும் மேஸ்திரி கூட்டிவந்த வம்சம். 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வேலை கொடுக்கிறவர் வீடும் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். நீளமாக ஒரே கட்டடம், வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஒரு குடும்பம். அதற்கு லைன் என்று பெயர். ஆளுக்கு ஓர் அறை, பின்னால் சமைக்கக் கொஞ்சம் இடம். நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. கடைசி வீட்டில் ராத்திரி யாராவது இருமினால், முதல் வீட்டிலிருந்து “சுக்குத் தண்ணி வெச்சுக் குடி” என்று வைத்தியம் வரும். கவாத்து வெட்டிய தேயிலை மார்தான் விறகு. அந்தப் புகையிலேயே வளர்ந்த எங்கள் தலைமுறையை இன்றைக்குப் பொட்டலம் கட்டினால் ‘ஸ்மோக்டு டீ’ என்று நல்ல விலைக்கு விற்றுவிடலாம்.

வாடகை கிடையாது. தீபாவளிக்கு முன்னால் கம்பெனி செலவில் சுண்ணாம்பு அடிப்பார்கள். காலையில் பாக்டரிச் சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், மஸ்டர் என்ற வருகைப் பதிவுக்குப் போய் நிற்க வேண்டும், வீட்டுக்கு ஓர் ஆளாவது வேலையில் இருக்க வேண்டும். வாடகை என்று தனியாக எதற்கு?

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதையும் அம்மா சாக்குப் போட்டு அடைத்து வைத்திருப்பாள். ஆடி மாதச் சாரல் ஊசியாகக் குத்தும் என்பது ஒரு காரணம். திறந்தால்தான் என்ன தெரியும்? தேயிலை. விடிந்ததிலிருந்து அதற்குள்ளேயே இடுப்பளவு ஈரத்தில் நின்றுவிட்டு, முதுகில் கூடை சுமந்த வலியோடு வீட்டுக்கு வந்தும் அதையே பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பைத்தியம்?

இன்றைக்கு அந்தக் காட்சிக்குத் தனி ரேட். ‘டீ வியூ’ அறை, ‘வேலி வியூ’ அறை. கட்டிலும் மெத்தையும் எல்லா அறையிலும் ஒன்றுதான். அறைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதற்குத்தான் காசு. சமீபத்தில் ஒரு பழைய லைனைப் புதுப்பித்து ஹோம்ஸ்டே ஆக்கியிருப்பதைப் பார்த்தேன். கல்சுவரைச் சுரண்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். தகரக் கூரைக்குச் சிவப்புப் பெயின்ட். மூலையில் ஒரு கொழுந்துக் கூடை, அதற்குள் காய்ந்த பூ. ‘தொழிலாளியாக ஒருநாள்’ என்று விருந்தாளிகளுக்குக் கொழுந்து பறிக்கச் சொல்லித் தருகிறார்களாம். அதற்கு விருந்தாளி பணம் கொடுக்க வேண்டும். எங்கள் அம்மா காலத்தில் கம்பெனி கொடுத்தது. ராத்திரி இரண்டு பேர் தங்கக் கேட்ட தொகையைச் சொன்னால் அப்பா எழுந்து வந்துவிடுவார். நான் பிறந்ததைப் போன்ற ஓர் அறையில் ஒருநாள் தங்க எனக்கு வசதியில்லை என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது.

அப்பாவுக்கு ஓய்வு வந்த வருஷம் அந்த இலவச வீட்டின் விலை தெரிந்தது. சாவியை ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி. கிராஜுவிட்டி வந்தால்தான் வேறு வீடு பார்க்க முடியும். வேறு வீடு பார்த்தால்தான் சாவியை ஒப்படைக்க முடியும். பல வருஷம் முதுகெலும்பு தேய வேலை செய்தவரை இந்தச் சக்கரத்துக்குள் விட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்திருந்ததால் தப்பித்தோம். லைனில் பலருக்கு ஒரே வழி இருந்தது. மகனோ மருமகளோ எஸ்டேட்டில் பெயர் பதிய வேண்டும், வீடு கைமாறாமல் இருக்கும். பத்தாவது முடித்த எத்தனையோ பையன்கள் அம்மா அப்பாவுக்குக் கூரை வேண்டும் என்பதற்காகவே மருந்து அடிக்கப் போனார்கள். எங்கே வாழ்வது என்று இளைஞர்கள் தேர்ந்தெடுப்பதாக இப்போது பேசுகிறார்கள். அப்போது வீடு ஆளைத் தேர்ந்தெடுத்தது.

என் மனைவி வீட்டார் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30ல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. அப்படி வந்தவர்களுக்காகவே 1968ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976ல் அது ‘டேன்டீ’ என்கிற கழகம் ஆனது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள், லைன் கட்டினார்கள், ஆட்களை ஏற்றினார்கள். என் மாமியார் பிறந்தது பதுளைப் பக்கம். கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரி லைனுக்கு வந்து சேர்ந்தவர். “அங்கயும் பத்துக்குப் பன்னெண்டு, இங்கயும் பத்துக்குப் பன்னெண்டு. நடுவுல கடலைக் காட்டினாங்க, அதுதான் லாபம்” என்பார்.

அந்த டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022ல் அரசு முடிவெடுத்தது. நஷ்டம், ஆள் கிடைப்பதில்லை. ஆட்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்த நிறுவனம் ஆள் இல்லாமல் சுருங்குகிறது. லைனில் கிழடுகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில், கோவை மில்களில், பெங்களூரில். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து “இங்க டவர் கிடைக்கலை” என்று அழுகிறார்கள்.

எங்கள் காலத்தில் லைனுக்கு மேலே ஒரு சொர்க்கம் இருந்தது. அதன் பெயர் குவார்ட்டர்ஸ். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தி ஊசித் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ அலுவலகங்கள் என்று எங்கே வேலை கிடைத்தாலும் குவார்ட்டர்ஸ் உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. நாட்டு மக்களின் கல்யாணப் போட்டோவும் எக்ஸ்ரேயும் அந்த பிலிமில் பதிந்தன. எச்.பி.எஃப். மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் வேறு விசாரணையே செய்ய மாட்டார்கள். இரண்டு அறை, தனிச் சமையலறை, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். அந்தக் கடைசி வசதிக்காகவே ஜாதகப் பொருத்தத்தில் ஒன்றிரண்டு குறைந்தாலும் விட்டுக்கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பிலிம் இல்லாமலே போட்டோ எடுக்கலாம் என்று உலகம் கண்டுபிடித்தது. 1990களில் எச்.பி.எஃப். நலிந்த நிறுவனம் ஆனது. 2014ல் விருப்ப ஓய்வு கொடுத்து மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்ற மாப்பிள்ளைகள் பெரியநாயக்கன்பாளையத்திலும் காரமடையிலும் வீடு கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கீழே போனால் மூட்டு வலி குறையும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்வார்கள். எல்லாருக்கும் ஒரே டாக்டர் போலிருக்கிறது.

அதே சமயத்தில் தேயிலையும் கைவிட்டது. நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். 1991ல் அது சிதறியது. 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனது. தேயிலையை நம்பி உருளைக்கிழங்குக் காட்டை அழித்திருந்த சிறு விவசாயிகள் அந்த அடியிலிருந்து முழுதாக எழவே இல்லை. 2023ல் கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளில் ரீடிங் எடுக்கப் போனால் முன்பெல்லாம் வரிசையாக எல்லா வாசலிலும் ஆள் இருப்பார்கள். ஒரு வீட்டில் காபி குடித்தால் அடுத்த வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு வரிசை முழுக்க ‘டோர் லாக்’ என்று எழுத வேண்டியிருந்தது. ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். வெள்ளை உடுத்து, முண்டாசு கட்டி, கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து இறங்குவார்கள். திருவிழா முடிந்ததும் மீட்டர் மறுபடி நின்றுவிடும்.

நடுவில் கூடலூரில் கொஞ்சகாலம் வேலை பார்த்தேன். அங்கே இதற்கு நேர் எதிர்க் கூத்து. ஜன்மிகள் என்ற பரம்பரை நிலக்கிழார்களின் ஜன்ம நிலங்களை ஒழிக்க 1969ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலங்களின் வழக்கு தலைமுறை தாண்டி ஓடுகிறது. அந்த நிலத்தில் வீடு கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளையும் பிறந்தவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் அப்போது கரன்ட்டும் கிடையாது. மாலை மயங்கினால் மண்ணெண்ணெய் விளக்கு. யானை வந்தால் டார்ச். “சார், ஒரு லைட்டுக்காவது கனெக்சன் குடுங்க, பொண்ணு பத்தாவது படிக்குது” என்று ஓர் அம்மா வழிமறித்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எழுதிக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. அங்கே ஆள் இருக்கும் வீட்டில் மீட்டர் இல்லை. குன்னூருக்கு மாறுதல் கிடைத்து வந்தால், மீட்டர் இருக்கும் வீட்டில் ஆள் இல்லை.

குன்னூரில் 2000க்குப் பிறகு முளைத்த வீடுகளைச் சொல்கிறேன். பெரிய கேட். கேட்டுக்குப் பக்கத்திலேயே மீட்டர்ப் பெட்டி. உள்ளே போக அவசியமில்லை என்றாலும், நாய் இல்லையென்று தெரிந்தால் எட்டிப்பார்ப்பேன். சறுக்குப் பாதை, புல்தரை, அதற்கப்பால் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கணப்பு அடுப்பில் ஒருநாளும் எரியாத விறகு அழகாக அடுக்கி வைத்திருக்கும். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலிகள், துணி போர்த்தி. சொந்தக்காரர் சென்னை, பெங்களூர், சில சமயம் துபாய். வருஷத்தில் மே மாதம் ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். மற்ற நாளில் கேட் விளக்கும் ஃபிரிட்ஜும். ஃபிரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை வாட்ச்மேனிடம் கேட்டேன். “தண்ணி பாட்டில், சார்” என்றான். மலையில், டிசம்பரில், தண்ணீரைக் குளிர வைக்க ஒரு ஃபிரிட்ஜ்!

2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழை பாழைக்கு உதவியாக இருக்கும் என்று கொண்டுவந்த நல்ல திட்டம். எங்கள் வீட்டில் கீசர் போட்டே ஆக வேண்டும். 100ஐ முதல் மாதத்திலேயே தாண்டிவிடுவோம். கண்ணாடி பங்களாவில் 60, 70 யூனிட்டோடு நின்றுவிடும். கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். யாரும் குடியிருக்காததால் பில் முழுசாக அரசாங்கத்தின் தலையில்! கட்டணம் பூஜ்யம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்த வாட்ச்மேன் கார் ஷெட்டுக்குப் பக்கத்து அறையில் ஒற்றைப் பல்பில் இருந்தான். அவனும் அந்த 100 யூனிட்டுக்குள் அடக்கம்.

கொரோனா வந்தது. 2020ல் உலகமே வீட்டிலிருந்து வேலை என்றதும் என் மகளும் மருமகனும் பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். பத்து மாத அட்வான்ஸைத் திருப்பி வாங்குவதற்குள் இரண்டு மாதப் பணத்தைப் பெயின்ட் செலவு என்று பிடித்துக்கொண்டான் வீட்டுக்காரன். நான் 90களில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. இரண்டரை சென்ட், இரண்டு அறை. அவளுக்கு ஒரு மீட்டிங், அவருக்கு ஒரு மீட்டிங், நடுவில் என் மனைவியின் சீரியல். ஒருநாள் நான் இருமியது ஆஸ்திரேலியா வரைக்கும் கேட்டதாம். லைனில் எட்டு வீடு தாண்டிக் கேட்ட வம்ச இருமல், இப்போது கடல் தாண்டியது.

பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று கிளம்பினோம். பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் எனக்கு அத்துப்படியாயிற்றே. முதல் வீட்டுச் சொந்தக்காரர் போனில் “வாடகைக்கு விட்டா வீடு கெட்டுடும்ங்க” என்றார். ஆள் இல்லாமல் அந்த வீட்டுக் கூரையில் பாசி ஏறியிருந்ததை நான் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், சம்மதித்தார். “ஆனா ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலி பண்ணிக் குடுத்துடணும். ஜூன்ல திரும்ப வாங்க. சீசன் பாருங்க.” கட்டில் பீரோவோடு வருஷாவருஷம் ஏப்ரலில் எங்கே போவது? சல்லிவன் காலத்தில் வெயிலுக்குப் பயந்து ஏப்ரலில் மேலே ஏறினார்கள். என் மகள் ஏப்ரலில் கீழே இறங்க வேண்டும். மூன்றாவது வீட்டில் கணக்குத் தெளிவாக இருந்தது. ஒருநாள் ரேட் இவ்வளவு, முப்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி. கோவை சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் மாத வாடகையை அந்த வீடு ஒரு நீண்ட வார இறுதியில் சம்பாதித்துவிடும். அவரையும் குறைசொல்ல முடியாது; அவருக்கும் வங்கிக் கடன்.

அந்த மூன்றாவது வீட்டை மகளின் ஆபீஸ் தோழி ஒருத்தி இரண்டு மாதத்துக்கு எடுத்தாள். ‘வொர்க்கேஷன்’ என்று அதற்குப் பெயர். மேஜையில் லேப்டாப், பக்கத்தில் காபிக் கோப்பை, பின்னால் தேயிலைச் சரிவு என்று போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டாள். மகள் என்னிடம் காட்டினாள். “அப்பா, பின்னாடி தெரியறது எந்தக் காடு சொல்லுங்க?” அவள் பாட்டி கொழுந்து பறித்த காடு. அந்தப் படத்துக்கு ஓர் இதயக்குறி போட்டுவிட்டு, கோவைக்கு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டாள். இப்போது சரவணம்பட்டியில் அடுக்குமாடியில் சொந்த வீடு. இருபது வருஷ ஈஎம்ஐ. “சொந்த ஊரை விட்டுட்டுப் போயிட்டியேம்மா” என்று ஒருநாள் கேட்டேன். “நான் எங்க விட்டேன்? ஊருதான் எனக்குக் கட்டுப்படியாகலை” என்றாள்.

மருமகனின் கார் கர்நாடகப் பதிவு எண். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டி என்றால் வேண்டாம். மற்றவர்கள் எடுக்க வேண்டும். நெரிசலைப் பார்த்தால் உத்தரவு சரிதான். ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் ஏறிவரும் மலை எவ்வளவுதான் தாங்கும்? ஆனால் பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்கு வர, பத்திரமாக இணையத்தில் விண்ணப்பித்து, வருகைக்கான காரணத்தில் ‘சுற்றுலா’ என்று போட்டு வந்து சேர்ந்தார் மருமகன். என் மகள் பிறந்த ஊரில் இப்போது சட்டப்படி சுற்றுலாப் பயணி.

சரி, லைன்கள் காலியாகிவிட்டனவா? இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளம் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. கொழுந்து பறிக்க உள்ளூரில் ஆள் கிடைக்காததால் எஸ்டேட்டுகள் கூட்டிவருகின்றன. எங்கள் தாத்தாவைக் கூட்டிவந்தது மேஸ்திரி. இவர்களைக் கூட்டிவருவது ஏஜென்ட். எங்கள் லைன் பையன் திருப்பூரில் ஒரு அறைக்கு நாலு பேராக இருக்கிறான். அவன் விட்டுப்போன அறையில் ராஞ்சிப் பக்கத்துப் பையன் மனைவி மக்களோடு இருக்கிறான். ஒவ்வொரு ஊர் இளைஞனும் அடுத்த ஊர் இளைஞன் வேண்டாமென்று விட்ட அறையில் குடியேறிக்கொண்டே இருக்கிறான். சொந்த ஊரில் சொந்த வயசில் இருக்கிறவனைத்தான் எங்கேயும் காணோம்.

இன்னும் வீடு கட்டினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மலையைத் தெரிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். 2009 நவம்பர் மழையில் நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். சாலை அறுந்து, கம்பம் சாய்ந்து, பல நாள் இருட்டில் கிடந்தோம். சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பக்கூடாது, உயரம் இத்தனைக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும் என்று 1993லிருந்து கடுமையான விதிகள் இருப்பது நியாயம்தான். கொடுமை எங்கே என்றால், அந்த விதிகள் நில அளவைத்தான் பார்க்கின்றன, ஆளைப் பார்ப்பதில்லை. மலை தாங்கக்கூடிய வீடுகள் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்றால், அந்த எல்லைக்குள் முதல் பங்கு யாருக்கு? வருஷம் முழுக்க இருப்பவனுக்கா, வருஷத்தில் இரண்டு வாரம் வருபவனுக்கா? ஒன்றரை சென்ட்டில் தகர வீடு கட்ட அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களும் இருக்கிறார்கள். பூட்டி வைக்கவே கட்டியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீட்டர்தான் மாட்டினோம்.

ஊட்டியைச் சுவிட்சர்லாந்தோடு ஒப்பிடாத விளம்பரப் பலகை கிடையாது. நிஜச் சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சில் மக்கள் வாக்களித்து ஒரு முடிவெடுத்தார்கள்: எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு 20க்கு மேல் போகக்கூடாது. இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊர், புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்தான் இருக்க வேண்டும் என்று 2016ல் வாக்கெடுப்பில் தீர்மானித்தது. அவ்வளவு தூரம் வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தில் 1972ஆம் வருஷத்து நிலச் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, அந்த மாநில விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் நிலம் வாங்க முடியாது. நாம் சுவிட்சர்லாந்திடமிருந்து சாக்லேட்டைக் கற்றுக்கொண்டோம், சிவப்புச் சாய்கூரையைக் கற்றுக்கொண்டோம். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

சட்டம் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். நீலகிரியில் வீடு வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் எதிரி இல்லை. வருஷத்தில் இரண்டு வாரம் நீங்கள் தாராளமாக வாருங்கள். அதற்கு ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, ஏப்ரலில் காலி செய்யச் சொல்லாமல், வேலையில் இருக்கும் ஓர் இளம் குடும்பத்துக்கு விடுங்கள். 2022 ஜனவரியில் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு நர்ஸுகள் வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார்கள் வேண்டும். மின்கம்பம் சாய்ந்தால் நள்ளிரவில் ஏற லைன்மேன் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அவர்கள் தினம் ஏறி இறங்க முடியாது. உங்கள் வீட்டுக்குச் சீசன் ரேட் அளவுக்கு வாடகை வராது. ஆனால் கூரையில் பாசி ஏறாது, குழாயில் துரு ஏறாது. கரன்ட் பில் மட்டும் இனிப் பூஜ்யமாக இருக்காது. அந்த நஷ்டத்தை மட்டும் எங்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.